எடுப்புப் பாட்டுக்கு ஆள் சேர்த்த கதை

உபதேசியார் என்றால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பங்குச் சாமியார் பூசை வைப்பார், மற்றதெல்லாம் உபதேசியார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது, திருவிழாவில் யார் மாலை முதல் மாலை என்ற சண்டைக்கு நடுவில் நிற்பது, பாடல் குழுவைக் கட்டி மேய்ப்பது. இதற்கென்று எனக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்பது அதில் கற்றுக்கொண்டது. மற்றதை ஊர் கற்றுக் கொடுத்தது.

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. போன மாதம் இளைய உபதேசியார்களின் கூட்டம் ஒன்றுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். பேச வேண்டியவருக்கு உடம்பு சரியில்லையாம். அங்கே பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவர் எழுந்து கேட்டார்.

“ஏனுங்க ஐயா, செங்கச் சூளைக்கு வந்திருக்கற வடநாட்டு ஆளுங்க ஞாயித்துக்கெழமயானா கோயிலுக்கு வந்துடறாங்க. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. எங்க உக்கார வெக்கறதுங்க?”

எங்கள் கோயிலுக்கும் அப்படி வருகிறார்கள். உட்கார வைக்காதீர்கள், நிற்க வையுங்கள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. டீ வந்துவிட்டதால் விளக்கம் சொல்ல முடியாமல் போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கேழ்வரகு, மரவள்ளி, தக்காளி, ஒரு மாதா கோயில். ஊரைத் தாண்டினால் அணை. அணைக்கட்டுக்குக் கீழே இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசாங்கம் போட்ட முகாம். இப்போது அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அப்போது அகதி முகாம் என்பதே பெயராக இருந்தது. மன்னார்க் கரையிலிருந்து வந்த மீன்பிடிக்காரக் குடும்பங்கள் அதில் நிறைய. கடலில் வலை போட்டவர்களைக் கடலே இல்லாத மாவட்டத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆண்கள் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். தருமபுரியில் அந்தக் காலத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்கு நிறம் கொடுத்தது அவர்கள் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார்கள். கடைசியில் இடது பக்கம் மொத்தமாக உட்காருவார்கள். பூசை முடிந்ததும் மொத்தமாக எழுந்து போவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களும் சிரிப்பார்கள். இப்படிச் சிரித்தே பல வருடம் ஓடியது. பாட்டில்தான் தகராறு. வார்த்தைகள் பெரும்பாலும் ஒன்று, மெட்டு வேறு. முன்னால் எங்கள் குழு ஒரு வரியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கோயிலுக்குள் எப்போதும் இரண்டு பாட்டு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பங்குச் சாமியாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெற்கத்திக்காரர். நல்ல மனிதர். அவருக்கும் சங்கீதத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. யார் என்ன பிரச்சினை கொண்டுவந்தாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைப்பார். துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “உபதேசியார் என்ன நெனைக்கிறீங்க?” என்பார். நான் ஏதாவது சொல்வேன். “அப்ப சரி” என்று கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிரச்சினை என்னுடையது. அவர் இருந்த காலம் முழுக்க அவர் எடுத்த முடிவு என்று ஒன்றைக்கூட யாராலும் காட்ட முடியாது. கெட்ட பேரெல்லாம் எனக்குத்தான் வந்தது.

இரண்டு பாட்டு ஓடுவதை அவர் வெகுகாலம் கவனிக்கவில்லை. ஒருநாள் பூசை முடிந்து அங்கியைக் கழற்றும்போது கேட்டார்.

“உபதேசியார், கோயில்ல எதிரொலி கேக்குதே. புது ஸ்பீக்கர்னாலயா?”

“எதிரொலி இல்லைங்க சாமி. முகாம்காரங்க.”

கண்ணாடி கழன்றது. “நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“குழுவுல சேத்துக்கலாமுங்க.”

“அப்ப சரி.”

நான் கருணையால் அப்படிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஆள் பற்றாக்குறை. பாடிக்கொண்டிருந்த பையன்களும் பெண்களும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றப் பாட்டுகளை நாலு பேர் வைத்து ஒப்பேற்றிவிடலாம். எடுப்புப் பாட்டை அப்படி ஒப்பேற்ற முடியாது.

எடுப்புப் பாட்டு என்பது எங்கள் ஊர் வழக்கம். செத்தவரைப் பெட்டியில் வைத்து வாசலில் தூக்கும்போது தொடங்குகிற பாட்டு அது. கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவைக்கு முன்னால் ஒரு கல்மேடை உண்டு. பெட்டியை அதன்மேல் இறக்கும்வரை பாட்டு அறுபடக் கூடாது. அடிகள் தீர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். நடுவில் அறுந்தால் வருடம் திரும்புவதற்குள் இன்னொரு எடுப்பு, அதுவும் அறுந்ததற்குக் காரணமானவர் வீட்டில் என்பது நம்பிக்கை. இது மூடநம்பிக்கை என்று பல சாமியார்கள் பிரசங்கம் வைத்திருக்கிறார்கள். ஊர் பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டை அறுக்காமல் பாடிக்கொண்டு வந்தது.

பாட்டு காதில் விழுந்தவர்கள் போட்டது போட்டபடி எழுந்து வந்து கூட நடக்க வேண்டும் என்பதும் வழக்கம். களை பறிக்கிறவர்கள் களைக்கொத்தோடு வருவார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சவரக் கடையிலிருந்து வந்தவரை நானே பார்த்திருக்கிறேன். பாடல் குழுவில் இருக்கிறவர் வீட்டில் சாவு என்றால் குழு முழுவதும் கட்டாயம் போக வேண்டும். ஒன்று மட்டும் கூடாது. சாவு இல்லாதபோது இந்தப் பாட்டைப் பாடிப் பார்க்கக் கூடாது. பாடினால் அது ஆள் தேடும் என்பார்கள். ஆகவே பயிற்சியிலும் பாடுவதில்லை.

அறுபடாமல் பாடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முன்ஜோடி என்று இரண்டு பேர் வரியை இழுப்பார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வரிக்கு வரி பதில் சொல்லும்போதும் முன்ஜோடியின் இழுப்பு நிற்கக் கூடாது, நின்றால் பாட்டு அறுந்த கணக்கு. நான் கைத்தாளம் போட்டு அடி எடுத்துக் கொடுப்பேன். ஜோடி சேர்ப்பதற்கு நானே ஒரு பரீட்சை கண்டுபிடித்திருந்தேன். பீடத்துப் படியில் நின்று ஒரு ‘ஆ’ எடுத்து, அதை விடாமல் வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். மூச்சு எங்கே தீர்கிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு பேரை ஜோடி சேர்க்கக் கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தீரும்.

முன்ஜோடியில் ஒருவர் ஊர்க்கவுண்டர் மனைவி லூர்துமேரி. குரல் மணி மாதிரி. ஆனால் இளைப்புக்காரி. அவர் ‘ஆ’ மூன்றாம் தூணோடு நின்றுவிடும். பனிக்காலத்தில் இரண்டாம் தூண். அவரோடு ஜோடியாகப் பாடியவள் தன் மகனோடு ஓசூர் போய்விட்டாள். முகாமிலிருந்து வந்த பெண்களை நடக்கவிட்டுப் பார்த்தேன். பிலோமினா என்ற பெண் ‘ஆ’ எடுத்தாள். தூண்களைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள், கொடிமரத்தடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் போகட்டோ?” என்றாள்.

“வேணாம்மா, அதுக்கு மேல ரோடு” என்றேன்.

மாலைக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அரசாங்க விதி. அதனால் பயிற்சியைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினோம். ஊராள் ஒருவர், முகாமாள் ஒருவர் என்று நிற்க வைத்தேன். உட்கார்ந்தால் அவரவர் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். நிற்கும்போது ஒதுங்க முடியாது. பக்கத்து ஆள் எப்போது மூச்சு வாங்குவார் என்று தோளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறத்தியார் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால் மற்றதும் தெரிந்துவிடுகிறது. யாருக்குச் சளி, யார் காலையில் சாப்பிடவில்லை, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் சீக்கிரமே குழுவில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. லூர்துமேரி பிலோமினாவுக்குக் களியும் கீரையும் தூக்குப் போசியில் கொண்டுவருவார். பிலோமினாவுக்குக் களி தொண்டையில் இறங்காது. ஆனாலும் சாப்பிட்டாள். “இதைச் சாப்பிட்டுத்தானோ அக்கா உங்களுக்கு இளைப்பு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். லூர்துமேரி சிரித்துச் சிரித்து அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை.

பிலோமினாவின் புருஷன் அந்தோனிப்பிள்ளை. மன்னாரில் மீன்பிடிக்கச் சொந்தப் படகு, அவர்கள் பேச்சில் வள்ளம், வைத்திருந்தவர், இங்கே பெயிண்டர். அவர் குழுவில் சேரவில்லை. அவளைக் கூட்டிப்போக வந்து வேப்பமரத்தடியில் காத்திருப்பார். ஒருமுறை அவரை ஒகேனக்கலுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஆற்றில் பரிசல் வட்டமடித்துப் போவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உபதேசியார், இதுக்கு முன் பக்கம் எது, பின் பக்கம் எது?”

“ரெண்டும் கெடையாதுங்க.”

“அப்ப எங்களைப் போலத்தான்” என்றார். பிறகு மீன் வறுவல் சாப்பிட்டோம். உப்புப் போதாது என்றார்.

அந்த வருடத்து மாதா திருவிழாவில்தான் விவகாரம் வெடித்தது. மாதா சப்பரம் தெரு சுற்றி வரும்போது முகாம்காரர்கள் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடட்டும் என்று சொன்னது நான்தான். புதுச் சேலை, புது வேட்டியோடு வந்து நின்றார்கள். பிலோமினா எடுத்தாள். மெட்டைக் கேட்டதும் என் கையில் இருந்த தாளம் நின்றுவிட்டது. அது எங்கள் எடுப்புப் பாட்டு மெட்டு. வார்த்தை வேறு, மெட்டு அச்சு அசல் அதுவே. அவர்கள் குழுவில் சேர்ந்த பிறகு ஊரில் எடுப்பே நடக்கவில்லை, அதனால் இது இரண்டு பக்கமும் தெரியாமல் இருந்தது.

சப்பரம் தூக்கியவர்கள் எல்லோரும் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கிப் பழகியவர்கள். அவர்கள் கால் தானாகவே சவநடைக்கு மாறியது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பெண்கள் முக்காடு போட்டார்கள். காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “யாருங்க? யாரு போய்ட்டாங்க?” என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் விசாரிக்காமலே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார். முகாம்காரர்கள் தங்கள் பாட்டு ஊரை இப்படி உருக்குவதைப் பார்த்து இன்னும் உற்சாகமாகப் பாடினார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. அந்த மெட்டு அறுபடக் கூடாதே. மாதாவை முழுத் தெருவும் சவ ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினோம்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் அருளப்பன், மனைவியோடு சாமியாரின் பங்களாவுக்கு வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் அரைஞாணில்தான் தொங்கும். கோபம் வந்தால் அதைத் திருகிக்கொண்டே பேசுவார்.

“மாதாவுக்கே எடுப்புப் பாட்டு பாடியாச்சுங்க சாமி. இனி இந்த ஊருக்கு என்ன வரும்னு தெரியல. அவங்களக் குழுவுல இருந்து எடுத்துடுங்க.”

கண்ணாடி கழன்றது. சாமியார் என்னைப் பார்ப்பதற்கு முன்பே, கவுண்டரோடு வந்திருந்த லூர்துமேரி வாயைத் திறந்தார்.

“பிலோமிய எடுத்துட்டா எனக்கு மூச்சு பத்தாது. அப்புறம் நானும் நின்னுக்கறேன். நீயே பாடிக்க.”

கவுண்டருக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும். சாவியைத் திருகுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் முகாமுக்குப் போய் அந்தோனிப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். அப்போதே நெஞ்சுச் சளி முற்றிவிட்டிருந்தது. பிறகு சொன்னார்.

“அது எங்கட ஊரில மாதாவை வள்ளத்தில கொண்டு வந்து கரையேத்தேக்க பாடுற மெட்டு. நீங்கள் செத்தவருக்குப் பாடுறியள். பிழை இல்லை. அவரும் கரைக்குத்தானே போறார்.”

வெளியே கையைக் காட்டினார். முகாமில் செத்தவர்களை அணைக்கரைப் புறம்போக்கில் புதைப்பார்கள். மழைக்காலத்தில் அணைத் தண்ணீர் அதுவரை ஏறும். போன மழையில் ஒரு மரச்சிலுவை மிதந்து மதகில் வந்து சிக்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

“உபதேசியார், எனக்கு ஒரு உதவி. என்னை அதுக்குள்ள போட்டுடாதேயுங்கோ. நாலு நாள் கடலில கிடந்து தப்பி வந்தனான். செத்த பிறகும் தண்ணிக்குள்ள கிடக்க ஏலாது.”

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க?” என்று சொல்லிப் பார்த்தேன்.

“இப்பதான் கேக்கலாம். பிறகு எப்படிக் கேக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி.

நான் கவுண்டரிடம் போனேன். அவருக்கு முகாம்காரர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அவருடைய வீட்டுக்கே அந்தோனிப்பிள்ளைதான் பெயிண்ட் அடித்தார். அவர் சொன்ன காரணம் வேறு. கல்லறைத் திருநாள் அன்று ஒவ்வொரு கல்லறைக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். வத்தி இல்லாமல் ஒரு கல்லறை இருட்டில் கிடந்தால் அது ஊருக்கே அவமானம். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

“இவங்க போயிடுவாங்க உபதேசியாரே. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு, சண்டை நின்னா அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. போனப்புறம் அந்தக் கல்லறைக்கு வத்தி வெக்கறது யாரு? அதச் சொல்லுங்க, இப்பவே தொறந்து உடறேன்.”

நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்தோனிப்பிள்ளை செத்துப்போனார். காலையில் செய்தி வந்தது. சாமியார் பங்களாவில் கூடினோம். அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கவுண்டர் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். சாமியார் கண்ணாடியைத் துடைத்தார்.

“உபதேசியார் என்ன நெனைக்கிறீங்க?”

“பிலோமினா நம்ம குழுவுல இருக்கறவங்க. குழுவுல இருக்கறவங்க வூட்டுச் சாவுக்கு எடுப்புப் பாட்டு பாடியாவணும். அது ஊர் வழக்கங்க.”

“பாடுங்க” என்றார் கவுண்டர். “பாடறதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா அணைக்கரைக்குப் பாடிகினு போங்க.”

“அணைக்கரைக்கு எடுப்புப் பாட்டு கெடையாதுங்களே. கல்மேடைல எறக்கற வரைக்கும்னுதான் வழக்கம். அங்க கல்மேடை ஏது?”

கவுண்டர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “அப்ப சரி” என்றார். எது சரி என்று அவர் சொல்லவில்லை. கவுண்டர் சாவியோடு போய்விட்டார்.

மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து எடுத்தோம். எங்கள் ஊரில் செத்தவர் வீட்டுக்காரர்கள் பாட மாட்டார்கள். பிலோமினா கேட்கவில்லை. “எங்கட ஊரில வீட்டு ஆக்கள்தான் பாடிக் கரையேத்திறது” என்று சொல்லிவிட்டு முன்ஜோடியில் தன் இடத்தில் வந்து நின்றாள். லூர்துமேரி அவள் பக்கத்தில் நின்றார். மூக்கிலும் வாயிலும் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தார், ஈரக்காற்று அவருக்கு ஆகாது. நான் அடி எடுத்துக் கொடுத்தேன். பெட்டி எழும்பியது.

முகாமைத் தாண்டி ஊருக்குள் வந்தோம். பாட்டு ஊர்க்காரர்கள் காதில் விழுந்தது. எழுந்து வந்தார்கள். திருவிழாவன்று ஏமாந்தது போலவே இப்போதும் அவர்கள் கால் தானாக வந்தது. ஆனால் இந்த முறை யார் போனது என்று யாரும் கேட்கவில்லை. தக்காளிக்காரர்கள் கூடையோடு வந்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். செத்தது ஊராளா முகாமாளா என்று பார்த்து நடப்பதற்கு அந்த வழக்கத்தில் இடம் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் ஊரே நின்றது.

கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் கவுண்டர் நின்றார். தனி ஆள்.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. கூட்டம் நின்றுவிட்டது. சாமியார் முன்னால் வந்தார், பூட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், என் பக்கம் திரும்பினார்.

“உபதேசியார் என்ன...”

நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயை நிறுத்த முடியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்துப் பாடினேன். என் பதவிக் காலத்தில் அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரே தடவை அதுதான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் பிலோமினா பூட்டைப் பார்த்தாள். அவள் குரல் நின்றது. அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. லூர்துமேரி தன் வரியை முடித்து மூச்சு வாங்க வேண்டிய இடம். பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லை. அவர் மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குப் போனார்.

மூன்றாம் தூண் வரைக்கும்தான் அவர் மூச்சு என்று எனக்குத் தெரியும். கவுண்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இளைப்பு வந்தால் அவரை பைக்கில் வைத்துத் தருமபுரிக்குக் கொண்டு ஓடுகிறவர் அவர்தான். வரி முடிந்தது. இன்னொரு வரி. கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பு நழுவியது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைப் புருஷன் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அது கோபப் பார்வை இல்லை. கெஞ்சலும் இல்லை. பாடிக்கொண்டு பார்த்தார், அவ்வளவுதான். குரல் மெலிந்து நூலானது. பாட்டு அறுந்துபோகட்டும், இந்த அம்மாள் மூச்சு விட்டால் போதும் என்று நினைத்தேன். உபதேசியாராக நான் செய்த செபங்களில் அது ஒன்றுதான் மனதிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

கவுண்டர் திரும்பி அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தார். ஈரத்தில் பூட்டு திறக்க மாட்டேன் என்றது. திட்டினார். திறந்தது. பெட்டி தூக்கியவர்களிடம், “உள்ள சேறா கெடக்குது, வழுக்கும், பாத்து வாங்க” என்றார்.

கம்பிக் கதவு கிறீச்சிட்ட சத்தத்தில் பிலோமினாவுக்குக் குரல் திரும்பியது. வரியைப் பிடித்துக்கொண்டாள். லூர்துமேரி அவள் தோளைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சின் சத்தம் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்டது. கல்மேடையில் பெட்டி இறங்கும்வரை பாட்டு அறுபடவில்லை.

குழி எங்கே வெட்டுவது என்று கவுண்டரே காட்டினார். மேட்டுப் பக்கம், மதிலை ஒட்டி.

“இங்க தண்ணி நிக்காது” என்றார். முகாம்காரர்களும் ஊர்க்காரர்களும் மாறி மாறி வெட்டினார்கள். சாமியார் மந்திரித்த தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தார். போதும் என்று நினைத்திருக்கலாம், அதற்குள் மழை வந்துவிட்டது.

கவுண்டர் சொன்னது பொய்யாகவில்லை. அதையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகு பல வருடம் பிலோமினா எங்களோடு பாடினாள். பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள். எடுப்பு என்றால் அவளை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள், கல்யாணம் என்றால் சமைக்கக் கூப்பிட்டார்கள். சண்டை நின்று, காணி திரும்பக் கிடைக்கும் என்று அங்கிருந்து அவள் தம்பி எழுதிய பிறகு, பிள்ளைகளோடு மன்னாருக்குப் போய்விட்டாள். புறப்படும் நாளில் லூர்துமேரியும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

அந்த வருடத்துக் கல்லறைத் திருநாளுக்கு நான் சீக்கிரமே போனேன். அந்தோனிப்பிள்ளை கல்லறைக்கு ஒரு வத்தி வாங்கிப் போயிருந்தேன். அங்கே ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. கவுண்டர் குந்தியிருந்து காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டிருந்தார்.

“போயிடுவாங்கன்னு நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

அன்றிலிருந்து எல்லா வருடமும் அவர்தான் ஏற்றுகிறார். லூர்துமேரி அந்தக் கல்லறை முன்னால் நின்று ஒரு பாட்டு பாடுவார், எடுப்புப் பாட்டு அல்ல, அவரும் பிலோமினாவும் கோயிலில் சேர்ந்து பாடிவந்த ஒன்று. பிலோமினா பிடித்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவார். பிடிக்க ஆள் இல்லாததால் அங்கே பாட்டு அறுந்து, பிறகு தொடங்கும். வேறு ஜோடி போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “வேணாம், அந்த எடம் அவளுது” என்று சொல்லிவிட்டார். இப்போது உபதேசியாராக இருப்பவரும் திருத்துவதில்லை.

போன கல்லறைத் திருநாளுக்குச் செங்கல் சூளைக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இங்கே கல்லறை எதுவும் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல், கூட்டம் குறைவாக இருந்த மதிலோரமாக வந்து நின்றார்கள். அது அந்தோனிப்பிள்ளை கல்லறைப் பக்கம். லூர்துமேரி பாடினார். வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் முதல் தூண்தான். வழக்கமான இடம் வந்தது. மூச்சு வாங்க நிறுத்தினார். பாட்டு அறுபடவில்லை. பக்கத்தில் நின்ற சூளைக்காரப் பெண் ஒருத்தி, வார்த்தை தெரியாமல், வெறும் ‘ஆ’ என்று அந்தச் சுரத்தைப் பிடித்திருந்தாள். முன் வரிகளில் லூர்துமேரியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் போல.

லூர்துமேரி திரும்பி அவளை முழுசாக ஒரு தடவை பார்த்தார். அந்த இடம் பிலோமினாவுடையது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த வரியை எடுத்தார்.

கவுண்டர் கல்லறைத் தலைமாட்டில், மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“இவங்களும் போயிடுவாங்க” என்றார். சொல்லிவிட்டு, அந்தப் பெண் வந்து நிற்கும்படி நகர்ந்து இடம் விட்டார்.